விமானத்தில் ஏறாத வண்டி

சான் ஃப்ரோயிலான் குன்றின் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். அதனால் குன்றுக்காரர்கள் சொல்வதையே விட்டுவிட்டார்கள். ஒரு ஆகஸ்ட் மாதம் அந்தக் காற்று தையல்காரி எதெல்மிராவின் கொடியிலிருந்து ஈரப் படுக்கைவிரிப்பை உருவிக்கொண்டு கடல் பக்கம் போனது. மூன்றாம் நாள் அதை உலர்த்தி, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து வாசலில் வைத்துவிட்டுப் போனது. ஒரு மூலையில் மட்டும் லேசான கருகல். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

வல்பராய்சோ நகரத்தில் எல்லாக் குன்றுகளையும் போல இந்தக் குன்றுக்கும் ஏறி இறங்க ஒரு கம்பிவட ரயில் உண்டு. அது பழுதுபார்ப்பில் இருந்தது. பழுதுபார்க்க வந்தவர் ஓய்வு பெற்று, அவர் மகன் வந்து, அந்த மகனுக்கும் காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்தது. ஆகவே படிக்கட்டுதான் கதி. அடிவாரத்தில் ஏறத் தொடங்கும்போது கல்யாணப் பேச்சை எடுத்த ஒரு ஜோடி உச்சிக்கு வந்து சேர்ந்தபோது விவாகரத்து பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். அது மிகை. அவர்கள் பிரிந்து மட்டும்தான் வாழ்கிறார்கள்.

அந்தப் படிக்கட்டு முடிகிற இடத்தில் இரண்டு தகர வீடுகள் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நின்றன. ஒன்றில் குஸ்தோதியோ இருந்தார். கப்பல்களில் சரக்குப் பெட்டிகளைச் சங்கிலியால் இறுக்கிக் கட்டும் வேலையில் முதுகைத் தேய்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. மற்ற வீட்டில் யாஸ்னா இருந்தாள். குஸ்தோதியோவோடு ஒன்றாக வேலை பார்த்து, முந்திக்கொண்டு செத்துப்போன ஃபெர்மினின் மகள். அவள் கையில் அமாரோ என்று ஒரு குழந்தை. அவள் கணவன் ரொலாந்தோ நாடு முடிகிற தெற்கு முனையில், புந்தா அரேனாஸில், மீன் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தான்.

நடுவில் இருந்த சுவர் எவ்வளவு மெல்லியது என்றால், குஸ்தோதியோ தும்ம வாயைத் திறக்கும்போதே அந்தப் பக்கத்திலிருந்து “நல்லா இருங்க” என்று குரல் வந்துவிடும். யாஸ்னாவுக்குப் பாடுகிற பழக்கம் இருந்தது. பாடத் தெரியாது, பழக்கம் மட்டும். அவள் சட்டி கழுவிக்கொண்டே குரலை எடுத்தால், துறைமுகத்துக்குள் வரும் கப்பல்கள் அதை மூடுபனிச் சங்கு என்று நினைத்து வேகத்தைக் குறைக்கும். ஆனால் மனைவி போன பிறகு குஸ்தோதியோவின் வீட்டை வீடாக வைத்திருந்தது அந்தக் குரல்தான். அது கேட்டால் எழுந்து தேநீர் வைப்பார். அது கேட்காத நாளில் தேநீர் வைக்க மறந்து, சாயங்காலம்தான் தலை ஏன் வலிக்கிறது என்று யோசிப்பார்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது. ஞானத்தகப்பனாக, அதாவது பத்ரினோவாக, குஸ்தோதியோவை விட்டால் வேறு யார்? அவர் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து அவள் அவரைக் கொம்பாத்ரே என்று கூப்பிட வேண்டும், அவர் அவளைக் கொமாத்ரே என்று. குழந்தைக்கு வண்டி வாங்கித் தருவது பத்ரினோவின் பொறுப்பு. அந்தக் குன்றில் அதற்கு ஒரு முறை இருந்தது. பிள்ளை தன் காலால் நடக்கிறவரை பத்ரினோ தந்த வண்டிதான் வண்டி. அதை ஒதுக்கி வைப்பதோ, இன்னொன்று வாங்குவதோ, விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போவதோ அந்த மனிதனின் மூஞ்சிக்கு நேராகக் ‘கஞ்சன்’ என்று சொல்வதற்குச் சமம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

யாஸ்னா தனக்கு என்ன வேண்டும் என்பதைக் கூச்சத்தோடு சொன்னாள்.

“பெருசா எதுவும் வேண்டாம் கொம்பாத்ரே. படியில தூக்கிட்டு எறங்கணும், சந்தைக்குத் தள்ளிட்டுப் போகணும், பஸ்ல ஏத்தணும், ப்ளேன்லயும் கொண்டுபோகணும். எல்லாத்துக்கும் ஒரே வண்டியா, ஒத்தக் கையால மடக்குற மாதிரி பாருங்க. இன்னொரு கையில இவன் இருப்பான்ல.”

இவ்வளவிலும் குஸ்தோதியோவின் காதில் விழுந்தது ப்ளேன் ஒன்றுதான். ரொலாந்தோ அங்கே அறை பிடித்துவிட்டானாம். ஞானஸ்நானம் முடிந்த கையோடு, குளிர் முற்றுவதற்குள் வந்துவிடச் சொல்கிறானாம். அவர் தலையை ஆட்டினார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தகரச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அவள் பாடிக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் ஒரு கப்பல் வேகத்தைக் குறைத்தது.

மறுநாள் கீழே நகரத்துக்கு இறங்கி, குழந்தை வண்டிகள் விற்கிற கடைக்குப் போனார். விற்கும் பெண்ணுக்குப் பத்து விரல் நகத்திலும் பத்து விதமான பூ. தினசரி வெளியே போகவா, பயணத்துக்கா என்று கேட்டாள். வெறும் வண்டி என்று எதுவும் இல்லையாம், வாழ்க்கைக்கு ஏற்ற வண்டிதான் உண்டாம். குஸ்தோதியோ கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“இதுல எது பயணத்துக்கு ஆகாது?”

“எல்லாரும் எது ஆகும்னுதானே ஐயா கேப்பாங்க.”

“அவங்களுக்குப் போகணும்.”

அவள் அவரை வேடிக்கைக்காரர் என்று எடுத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சின்ன வண்டியைக் கொண்டுவந்தாள். கைப்பிடியில் ஒரு பொத்தான். ஒரே கையால் அழுத்தினாள். வண்டி இடுப்பு ஒடிந்து, முழங்கால் மடிந்து, ஒரு தோல்பை அளவுக்குச் சுருங்கி, தோளில் மாட்டிக்கொள்ள வாரையும் தானே நீட்டியது. மழைக்கு உறை, படுக்கச் சாயும் இருக்கை, விமானத்தில் தலைக்கு மேலே இருக்கிற அடுக்கில் வைத்துக்கொள்ளலாம், எடை ஒரு பூனை. யாஸ்னா கேட்ட வண்டி வார்த்தைக்கு வார்த்தை அதுதான். பெண் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோலக் குஸ்தோதியோ அதைப் பார்த்தார்.

பிறகு மூலையைக் காட்டினார். அங்கே ‘தித்தான்’ என்ற ராட்சத வண்டி நின்றுகொண்டிருந்தது. காற்றடித்த மூன்று பெரிய சக்கரங்கள், அடியில் வில்லுகள், முன்னும் பின்னும் திரும்பும் இருக்கை, ஜன்னல் வைத்த கூரை, காய்கறிக்கு ஒரு கூடை, தகப்பன் காப்பிக்கு ஒரு வளையம். மடக்க இரண்டு பேர் வேண்டும். எப்படி மடக்குவது என்று படித்துச் சொல்ல மூன்றாவதாக ஒருவர்.

“இது ப்ளேன்ல ஏறுமா?”

“ப்ளேன் வேணா இதுல ஏறும் ஐயா.”

“கட்டிக் குடு.”

மேலே கொண்டுபோக அவரோடு குன்றுக்காரன் நிபால்தோவும் அவன் மைத்துனனும் சேர்ந்தார்கள். தெருநாய் ஒன்றும் முன்னால் போய் வழி சொன்னது. ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து, கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு, திரும்பவும் தூக்கினார்கள். அன்றைக்குப் பிறகு நிபால்தோ இடதுபக்கம் கொஞ்சம் குட்டையாகிவிட்டான். எதெல்மிரா அவனுக்குக் கால்சட்டை தைக்கும்போது இன்றும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறாள்.

ஞானஸ்நானம் முடிந்து கோயில் வாசலுக்கு வந்ததும், வழக்கம்போலக் குன்றின் பிள்ளைகள் கூட்டம் மறித்துக்கொண்டு “கஞ்சப் பத்ரினோ! கஞ்சப் பத்ரினோ!” என்று கத்தத் தொடங்கியது. பத்ரினோ காசை வாரி இறைக்கிறவரை அது ஓயாது. குஸ்தோதியோ இரண்டு பையிலும் கையை விட்டு இறைத்தார். பிறகு ரிப்பன் கட்டிய தித்தானை முன்னால் தள்ளினார். பிள்ளைகள் பொறுக்கிய காசைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பிளந்தார்கள். இந்த மாதிரி பத்ரினோவைக் குன்று பார்த்ததில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

யாஸ்னா கைப்பிடியைத் தொட்டாள். சக்கரங்களைப் பார்த்தாள், பிறகு படிக்கட்டைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது.

“ரொம்ப அழகா இருக்கு கொம்பாத்ரே,” என்றாள்.

நன்றியில் நிறைந்த கண் என்று ஊர் நினைத்தது. குஸ்தோதியோவும் அப்படியே நினைப்பது என்று முடிவு செய்தார்.

அந்த வாரமே சுவர் வழியாகச் செய்தி வந்தது. விமானக்காரர்களிடம் அவள் அளவைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். இது குழந்தை வண்டி இல்லை, சரக்கு, கப்பலில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் கணவனோடு போனில் பேசினாள். “கொம்பாத்ரே ஆசையா வாங்குனது. விட்டுட்டு வந்தா அந்த மனுஷன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? அமாரோ நடக்கட்டும், வர்றோம்.” குஸ்தோதியோ மனைவியின் படத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். படத்திலிருந்தவள் பதிலுக்குச் சிமிட்டவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவளை ஏமாற்ற முடிந்ததில்லை.

பூமியின் அந்தக் கோடியில் ஜூனில் வருகிற குளிர்காலம் வந்தது. அந்த வருஷ மழை மேலிருந்து மட்டும் பெய்யவில்லை. காற்று அதைப் பக்கவாட்டிலும் கீழிருந்தும் பெய்ய வைத்தது. யாஸ்னாவின் வீடு ஒரே அறை. தித்தானை உள்ளே விட்டால் மேசைக்கு இடமில்லை, மேசையை வெளியே போட்டாள். மழையில் நனைந்து நனைந்து ஜூலையில் அந்த மேசையில் இரண்டு இலை துளிர்த்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஞாயிறுதோறும் குஸ்தோதியோவுக்குச் சோளமும் பூசணியும் போட்ட இறைச்சிக் குழம்பு ஒரு தட்டில் வரும். இப்போதும் வந்தது. ஆனால் தட்டைக் கொடுத்துவிட்டு நின்று வம்பு பேசுகிறவள் உடனே திரும்பிப் போனாள்.

வெளியே போக வேண்டும் என்றால் ஆள் பிடிக்க வேண்டும். குஸ்தோதியோ இரண்டு தடவை ஒரு பக்கம் பிடித்து இறக்கி ஏற்றினார். இரண்டாம் தடவைக்குப் பிறகு முதுகு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் கூரையைப் பார்த்துக் கிடந்தார். அதன்பின் அவள் கூப்பிடவில்லை. நிபால்தோவைக் கூப்பிடலாம் என்றால், அவன் வண்டியைப் பார்த்தாலே வலதுபக்கத்தையும் பத்திரப்படுத்திக்கொள்ளக் கிளம்பிவிடுவான். சந்தை போயிற்று, பூங்கா போயிற்று. கடற்கரைச் சாலையில் குழந்தைக்குக் கப்பல் காட்டுகிற வேலையும் போயிற்று.

பிறகு ஒருநாள் குஸ்தோதியோ தேநீர் வைக்க மறந்துவிட்டார். மறுநாளும் மறந்தார். தலைவலியோடு யோசித்தபோதுதான் விளங்கியது: அவள் பாடுவதில்லை.

சுவர் தடித்துப் போயிற்றோ என்று முதலில் சந்தேகப்பட்டார். காதை வைத்துக் கேட்டார். அந்தப் பக்கம் சக்கரச் சத்தம். அடுப்பிலிருந்து கட்டில் வரை, கட்டிலிலிருந்து அடுப்பு வரை. யாஸ்னா பிள்ளைக்கு உலகத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். வில்லு வைத்த வண்டி என்பதால் குலுங்கவே இல்லை.

ஆகஸ்டில் குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாள் வந்தது. அவள் யாரிடமும் சொல்லாமல் அமாரோவைச் சால்வையில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு, மழையிலேயே படியிறங்கினாள். பாதி வழியில் வழுக்கியது. பிள்ளைமேல் ஒரு கீறல் இல்லை. அவள் மணிக்கட்டு மட்டும் அத்திப்பழம்போல வீங்கிவிட்டது. குஸ்தோதியோ போய்ப் பார்த்தபோது, கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் பால் சுட வைத்துக்கொண்டிருந்தாள். தித்தானில் அமாரோ ஒரு மேயரைப்போலச் சாய்ந்திருந்தான்.

“என்னக் கூப்பிட்டிருக்கலாம்ல?”

“உங்க முதுகு இருக்கிற இருப்புக்கா? விடுங்க கொம்பாத்ரே.” பாலைக் கையில் சொட்டு விட்டுப் பார்த்தாள். “ஒத்தக் கையாலயே எல்லாம் பழகிருச்சு.”

குத்திக்காட்டுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அன்று பொழுது சாயும்போது சுவருக்கு அந்தப் பக்கம் போன் ஒலித்தது. பிள்ளை தானாக உட்கார ஆரம்பித்துவிட்டதைத் தகப்பனுக்குப் போனில் காட்டினாள். ரொலாந்தோ ஏதோ கேட்டிருக்க வேண்டும். “இல்ல, அழல,” என்றாள். “ஜலதோஷம்.” குஸ்தோதியோவுக்குத் தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். போகவிடாமல் செய்யத்தான் இதை வாங்கினேன் என்று. ஆனால் யாஸ்னா, எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத ஃபெர்மினின் மகள். உடனே மன்னித்துவிடுவாள். மன்னித்தது உண்மை என்று அவருக்குக் காட்டுவதற்காகவே அந்த வண்டியை விட்டு அசையமாட்டாள், பிள்ளை நடந்து, ஓடி, மீசை வைக்கிறவரை. மரியாதை என்கிற கயிற்றைச் சங்கிலி கட்டுகிறவர் அவிழ்க்க முடியாது. அவர் யோசித்துப் பார்த்ததில் ஒரே வழிதான் இருந்தது. கொடுத்ததைப் பத்ரினோவே திருப்பிப் பிடுங்கிக்கொள்வது. குன்றில் அதுவரை அப்படி யாரும் செய்ததில்லை. கொலைகூட ஒன்று நடந்திருக்கிறது, இது நடந்ததில்லை.

கடைப்பெண் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். இப்போது நகங்களில் மீன்கள்.

“என்ன ஐயா, ப்ளேன் வாங்கிட்டீங்களா?”

“அந்தச் சின்னத எடு.”

பொத்தானை அழுத்தி மடக்கினார், விரித்தார். கடையைப் பூட்டப்போகிறோம் என்று சொல்கிறவரை மடக்கி விரித்துக்கொண்டே இருந்தார். தோளில் மாட்டிக்கொண்டு படியேறினார். பூனை எடைதான். ஆனாலும் அன்றைக்கு அவர் நின்று நின்றுதான் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, உச்சியில் ஆட்கள் கூடி நின்று பேசுகிற நேரம் பார்த்து யாஸ்னாவின் வாசலுக்குப் போனார். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குஸ்தோதியோ கப்பலில் கத்திப் பழகிய தொண்டையைத் திறந்தார்.

“கொமாத்ரே, அந்தப் பெரிய வண்டிய எடுத்துட்டுப் போறேன். கேஸ் சிலிண்டர் தள்ளிட்டு வர எனக்கு வேணும். ஒண்ணுக்குப் போற பயலுக்கு எதுக்கு இம்புட்டு நல்ல வண்டி? இந்தா, இவனுக்கு இது போதும்.”

சின்ன வண்டியை அவள் காலடியில் போட்டார். உள்ளே போய்த் தித்தானை வெளியே இழுத்தார். குன்றே வாயடைத்து நின்றது. காற்றுகூட ஒரு கணம் நின்றதாக எதெல்மிரா பிற்பாடு சொன்னாள், அவள் காற்றைப் பற்றிப் பொய் சொல்கிறவள் இல்லை. முதலில் ஒரே ஒரு பிள்ளைக் குரல், நம்ப முடியாமல் கேட்பதுபோல, “கஞ்சப் பத்ரினோ?” என்றது. பிறகு எல்லாம் சேர்ந்துகொண்டன. நிபால்தோ பிள்ளைகளை அடக்கவில்லை, அவனும் சேர்ந்துகொண்டான்.

யாஸ்னா குனிந்து சின்ன வண்டியை எடுத்தாள். கட்டு அவிழ்த்த கையில் பிள்ளை. மற்றக் கையால் பொத்தானை அழுத்தினாள், மடங்கியது. விரித்தாள். திரும்ப மடக்கினாள். பிறகு தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“இது அந்தக் கடையில முன்னமே இருந்துச்சா கொம்பாத்ரே?”

சுற்றிலும் கத்தல். அவருக்கு மட்டும்தான் கேட்டது.

“இருந்துச்சு.”

அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். கையை நீட்டி, ஒரு பக்கம் மடங்கிக் கிடந்த அவர் சட்டைக் காலரை எடுத்துவிட்டாள். யாஸ்னா அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள் என்று தூரத்திலிருந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். குஸ்தோதியோ அதை இதுவரை மறுக்கவில்லை.

அந்த வாரத்திலேயே அவள் கிளம்பினாள். வழியனுப்ப ஊரே படிக்கட்டில் நின்றது, குஸ்தோதியோவைத் தவிர. கஞ்சன் வழியனுப்ப வந்தால் நன்றாக இருக்காது. அவர் வீட்டுக்குள் தகரச் சுவர் பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் பெட்டியை மூடும் சத்தம், பிள்ளை ஏதோ சொல்ல முயலும் சத்தம். பிறகு, மாதக்கணக்கில் கேட்காத அந்தக் குரல். பாட்டை முதலிலிருந்து கடைசி வரை, ஒரு வரி விடாமல், ஒரு வரிகூடச் சுருதியில் நிற்காமல் பாடினாள். சுவருக்கு மிக அருகில் நின்று பாடினாள். துறைமுகத்தில் இருந்த கப்பல் அத்தனையும் அன்றைக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

குஸ்தோதியோ தும்மினார். வேண்டுமென்றேதான்.

“நல்லா இருங்க,” என்றது சுவர். தாழ்ப்பாள் விழுந்தது.

வீடு அதன்பின் காலியாகவே கிடக்கிறது. சுவரில் காதை வைத்தால் மழை மட்டும் கேட்கிறது. தித்தான் அவர் அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மேசையை வெளியே போட்டுவிட்டார், அதில் இன்னும் இலை வரவில்லை. சிலிண்டரை அதில் வைத்து ஒருநாளும் தள்ளியதில்லை, படியில் அது எப்படி முடியும்?

ஆனால் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் அவர் ஜன்னலுக்குக் கீழே கூடி “கஞ்சப் பத்ரினோ! கஞ்சப் பத்ரினோ!” என்று கத்துவார்கள். அவர் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு தேநீர் போடுவார். பிள்ளைகள் அல்லவா, சில வாரத்தில் அவர்களுக்கும் சலித்துப்போகிறது. இரண்டு மூன்று நாள் யாரும் வராமல், தலை வலிக்கத் தொடங்கினால், குஸ்தோதியோ சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, வெறும் வண்டியை எடுத்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி படிக்கட்டின் உச்சியில் மெல்ல முன்னும் பின்னும் தள்ளுவார். மறுநாள் பிள்ளைகளுக்கு ஞாபகம் வந்துவிடும்.